இரண்டாவது ஊசி

தம்பி,

நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். பின்பக்கத்து ரம்புத்தான் மரம் இந்த வருடம் கிளை தாங்காமல் காய்த்திருக்கிறது. அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்து ஓய்ந்துவிட்டாள், இப்போது பறவைகளுக்கு விட்டிருக்கிறாள். இதைச் சொல்வதற்காக நான் கடிதம் எழுத மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு போன் வந்த பிறகு நான் பேனா எடுப்பதே கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதத்தான். ஆனால் இது போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை. போனில் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். தாளில் அப்படித் தப்பிக்க முடியாது.

நேற்று மருமகள் சாந்தி உன் அம்மாவுக்கு போன் செய்தாள். உன்னைப் பற்றிக் கோள் சொல்ல அல்ல, பயந்துபோய்த்தான் பேசினாள். என் பேரன் குட்டிக்கு இரண்டாவது ஊசி போட வேண்டிய நாள் கடந்து மூன்று வாரம் ஆகிறதாம். முதலில் பிள்ளைக்குச் சளி என்றாயாம். அடுத்த வாரம் கிளினிக் வாசல் வரை காரை ஓட்டிப் போய், உள்ளே வேறொரு பிள்ளை வீரிட்டு அழுத சத்தம் கேட்டதும், கூட்டமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாயாம். அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அப்படியே உங்க பிள்ளைதான்,” என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “எழுதிடுங்க. இத்தனை வருஷமா நான் சொல்லல. நீங்க வாயால சொல்லணும்னுதான் சொல்லாம இருந்தேன்,” என்றாள். அதனால் எழுதுகிறேன். படித்த பிறகு சாந்தியிடமும் கொடு. இதில் ஒளிக்க இனி எதுவும் இல்லை.

சின்ன வயதில் தொண்டையில் பெரிய நோய் வந்து நீ பிழைத்தாய் என்று மட்டும் உனக்குத் தெரியும். டாக்டர்கள் அதை டிப்தீரியா என்பார்கள், நம் ஆட்கள் தொண்டை அடைப்பான் என்பார்கள். அது எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. நோய் எப்படி வருமோ அப்படித்தான் வந்தது என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை, தம்பி. அது வீட்டுக்குள் வரக் கதவைத் திறந்து வைத்தவன் நான்.

வெள்ளைக்காரன் போய் நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்த சில மாதங்களில் நீ பிறந்தாய். அப்போது நாம் இதே மலாக்காவில், காஜா பெராங்கில், உள்சந்தில், பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பஸ்ஸில் கண்டக்டர். எனக்குப் பெரும்பாலும் பகல் பன்னிரண்டுக்குத்தான் வேலை தொடங்கும். அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, காலையிலேயே போய்விட வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்ததும் காலை வேளையில் உன்னைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பானது. பால் கலக்குவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் நான்தான். அந்தக் காலத்தில் ஆம்பிளை இதையெல்லாம் செய்தால் சந்தில் சிரிப்பார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவேன். நீ என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வருவாய்.

பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் வராமல் தடுக்க கிளினிக்கில் மூன்று ஊசி போடத் தொடங்கியிருந்தார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் சில வாரம் விட்டு. அம்மா அதில் கெட்டியாக இருந்தாள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொல்வாள், சந்துப் பெண்களுக்கும் சொல்வாள். “நாடு நம்மளோடதுன்னு கொடி ஏத்தியாச்சு. அப்ப கிளினிக்கும் நம்மளோடதுதானே. நாம போகலன்னா யாரு போவா?” என்பாள். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர்களும் போனார்கள். நம் வீட்டில் உன்னை அழைத்துப் போகும் வேலை என்னுடையது.

முதல் ஊசிக்குப் போனோம். உள்ளே மிசி, அந்த நர்ஸம்மா, உன் தொடையைத் துடைத்துவிட்டு, “அப்பா, காலைக் கெட்டியாப் பிடிங்க, அசைய விடாதீங்க,” என்றார். பிடித்தேன். ஊசி ஏறியதும் நீ உடனே அழவில்லை. ஒரு நொடி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாய். நீயா என்னைப் பிடித்துக் கொடுத்தாய் என்று கேட்பது போல இருந்தது. அப்புறம்தான் அழுதாய். அன்று சாயங்காலம் காய்ச்சல் அடித்தது, தொடை கன்றிப்போய், அந்தக் காலை நீ இரண்டு நாள் ஆட்டவே இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது. நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை.

இரண்டாவது ஊசியன்று உன்னைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிளினிக் படியருகே போகும்போது உள்ளே ஒரு பிள்ளை அழுதது. நீ என் தோளில் இருந்தபடி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாய். என்னால் படி ஏற முடியவில்லை. தெங்கேராவுக்குப் போகும் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அங்கே கடலோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து உனக்குப் படகுகளைக் காட்டினேன். நீ காற்றில் தூங்கிப்போனாய். அந்தக் காலைப் பொழுது போல நிம்மதியாக நான் இருந்ததே இல்லை என்று இப்போதும் சொல்வேன். அவ்வளவு பெரிய தப்பைச் செய்யும்போது மனசு அவ்வளவு லேசாக இருக்கும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால்தான் இதை விடாமல் எழுதுகிறேன்.

அம்மா வந்ததும் கேட்டாள். போட்டாச்சு என்றேன். கார்டைக் கேட்பாள் என்று தெரியும். முதல் வரியில் மிசி தேதி எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் கீழே நானே தேதி எழுதி, அதே மாதிரி ஒரு கிறுக்கலும் போட்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டுத் தலையணை உறைக்குள் இருக்கும் தன் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்தாள். “இந்தத் தடவை காய்ச்சல் கூட இல்ல பாருங்க,” என்று சந்தோஷப்பட்டாள். மூன்றாவது ஊசி நாளிலும் தெங்கேராதான். மூன்றாவது வரியையும் நானே எழுதினேன்.

நீ ஒரு வயது தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை கஞ்சியைத் துப்பினாய். சனிக்கிழமை காய்ச்சல். கழுத்து லேசாக வீங்கியிருந்தது, மூச்சில் ஒரு கெட்ட வாடை வந்தது. அம்மாவும் நானும் உன்னை டவுனில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் விளக்கடித்துத் தொண்டையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்றார். ஊசியெல்லாம் போட்டாயிற்றா என்று கேட்டார். அம்மா பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். அவர் மூன்று வரியையும் பார்த்தார், முகம் தெளிந்தது. அப்படியானால் அடைப்பானாக இருக்காது, பயப்பட வேண்டாம், தொண்டைச் சதை வீக்கம்தான் என்று சொல்லி, ஒரு பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பினார்.

நான் அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி, நான் கிளினிக்குக்குப் போகாததைக்கூட ஒருநாள் மன்னித்துக்கொள்வேன். டாக்டர் அந்தக் கார்டைப் பார்த்துத் தலையாட்டியபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். அவள் முன்னால் பொய்க்காரனாக நிற்க எனக்கு வெட்கம். என் பிள்ளையின் மூச்சைவிட அந்த வெட்கம் எனக்குப் பெரிதாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். நீ என் தோளில் இருந்தாய். ஒவ்வொரு மூச்சுக்கும் கரகரவென்று ஒரு சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பஸ் வந்து நின்றது. அதில் இருந்த கண்டக்டர் என் கூட வேலை செய்கிறவன். “ஏறுங்கண்ணே,” என்று கை நீட்டினான். அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான் அசையவில்லை.

“என்னாங்க?” என்றாள்.

“போடல.”

“என்னா போடல?”

“ரெண்டாவதும் மூணாவதும் போடல. நான் கிளினிக்குப் போகவே இல்ல. கார்டுல நான்தான் எழுதினேன்.”

அம்மா கத்தவில்லை. காலைப் படியிலிருந்து எடுத்தாள். என் தோளிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தாள். ஓடவில்லை. குலுங்கினால் உனக்கு மூச்சு இன்னும் சிரமப்படும் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பின்னால் போனேன். டாக்டர் மறுபடியும் விளக்கடித்துப் பார்த்தார், இந்தத் தடவை நெடுநேரம். பிறகு ஒரு சீட்டு எழுதித் தன் காரிலேயே நம்மைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

தொற்று நோய் வார்டில் தாயை மட்டும் உள்ளே விட்டார்கள், அதுவும் வாயில் துணி கட்டிக்கொண்டு. எனக்கு வெளியே ஜன்னல்தான். அன்றைக்கே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் அதுவும் வேலை செய்வது கஷ்டம் என்று மிசி அம்மாவிடம் சொன்னாராம். மூச்சு அடைத்தால் தொண்டையில் ஓட்டை போட வேண்டியிருக்கும் என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். நீ அழுதாய். வாய் அகலமாகத் திறந்திருந்தது, கண்ணீர் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. நோய் குரல்வளைக்குள் இறங்கியிருந்தது. உன் அழுகைக்குப் பயந்து தெங்கேராவுக்கு ஓடியவன் நான். சத்தமில்லாத அந்த அழுகையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க் கட்டிலில் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, நாலைந்து வயது இருக்கும். மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அவளுடைய அப்பா வெளியே மரத்தடியில் குந்தியிருந்தார். மகளின் செருப்பைக் கையில் வைத்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஊசி இருக்குன்னு இங்க வந்துதான் சொல்றாங்க, சார். எங்க தோட்டத்து டிவிஷன் பக்கம் யாரும் சொல்லவே இல்ல,” என்றார். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் ஊசி போடாத என்னுடைய பிள்ளை உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அன்று பகல் மிசி உனக்குத் தினமும் போடும் பென்சிலின் ஊசியைப் போட வந்தார். நான் ஜன்னலில் இருந்தேன். ஊசி ஏறியது. நீ வாயைத் திறந்தாய். முதலில் காற்று மாதிரி ஏதோ வந்தது. அப்புறம் கரகரவென்று, அப்புறம் வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பெருக்கிக்கொண்டிருந்த ஆள், இந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று பார்த்தார். உள்ளே அம்மா முகத்துத் துணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

இருதயம் பலப்பட வேண்டும் என்று உன்னை இன்னும் சில வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அந்த வாரங்களில் அம்மா என்னோடு பேசியது மொத்தத்தில் பத்து வரி இருக்கும். பால் டின், துவைத்த துணி, இப்படி. ஒருநாள் வராந்தாவில் மட்டும் நின்று சொன்னாள்: “வாரத்துக்கு நூறு நோட்டு திருத்துறேன். வீட்டுப்பாடத்த அப்பன்கிட்ட எழுதி வாங்கிட்டு வர்ற பிள்ளைய எழுத்த வெச்சே கண்டுபிடிப்பேன். உங்க எழுத்து எனக்குத் தெரியாமப் போச்சே.” அவள் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீ வீட்டுக்கு வந்தாய். கதை அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் சந்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் ஒரு மலாக்கா செட்டி குடும்பம், எந்தக் காலத்திலோ வந்து இந்த ஊரோடு கலந்துவிட்ட நம் ஆட்கள். வீட்டில் மலாய்தான் பேசுவார்கள், சாமி கும்பிடுவது மட்டும் நம்மைப் போலவே. அந்த வீட்டுப் பாக்கியத்துக்கு மூன்று மாதப் பெண்குழந்தை. உன்னைப் பார்க்க வந்தவள் உன் கன்னத்தைத் தடவிவிட்டு, “சுசோக் தீகா காலி, சாகிட் ஜுகா,” என்று பெருமூச்சு விட்டாள். மூன்று தடவை குத்தியும் நோய் வந்துவிட்டதே என்கிறாள். அந்தப் பேச்சு சந்து முழுக்கப் போயிருந்தது. டீச்சர் பிள்ளைக்கே மூன்று ஊசியும் போட்டுப் பலிக்கவில்லை, நாம் ஏன் பிள்ளையை அழ வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீடாக நின்றுவிட்டது. மூலைக் கடைக்காரர் பாய்கூடத் தன் பேரனை அடுத்த ஊசிக்கு அனுப்பவில்லை.

பாக்கியம் போன பிறகு அம்மா என்னை நேராகப் பார்த்தாள், பல வாரத்துக்குப் பிறகு. “நான் சொல்லி அவங்க போனாங்க. நீங்க சொன்ன பொய்யால நிறுத்திட்டாங்க. நான் போய் எடுத்துச் சொன்னா, புருஷன விட்டுக் குடுத்துப் பேசுறாங்கன்னு ஆகும், இல்லாட்டி ஊசிக்கு வக்காலத்துன்னு ஆகும். என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும்.” அவ்வளவுதான் சொன்னாள்.

என் ஓய்வு நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதலில் எதிர்வீடு. வாசலில் நின்று மலாயில் சொன்னேன்: என் மகனுக்கு ஒரே ஊசிதான் போட்டது, மற்ற இரண்டும் போட்டதாகப் பொய் சொன்னது நான், என் மனைவிக்குத் தெரியாது. பாக்கியம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “தா மாலு கா?” என்றாள். வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். “மாலு,” என்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டாள்.

கடையில் பாய் சர்க்கரை கட்டிக்கொண்டே கேட்டார். கட்டி முடித்துவிட்டு, “கண்டக்டரே, டீச்சரம்மா வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். தன் மானத்தத் தானே வாங்கிக்கிட்டு ஒரு ஆம்பள வந்து நிக்கிறீங்க பாருங்க, அதனால நம்புறேன்,” என்றார். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். அப்புறம் கொஞ்ச காலம் பஸ்ஸில் ஏறும் சந்துக்காரர்கள், “டிக்கெட்டாவது நெசமா, இதுவும் நீங்க எழுதினதா?” என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். சொன்ன பிறகு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த பள்ளி விடுமுறையில், கிளினிக் நாளன்று, நம் சந்திலிருந்து ஏழு தாய்மார் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். உனக்கு விட்டுப்போன ஊசியைப் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அன்று வேலை இல்லை. யாரும் கூப்பிடவில்லை என்றாலும் நானும் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் அம்மா உன்னை என்னிடம் தனியாக விட்டதில்லை. காலையில் பாக்கியம் வீட்டில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவாள். அதை நான் கேட்டதும் இல்லை.

கிளினிக்கில் பெயர் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்தாள். நான் சுவரோரமாக நின்றேன். நாற்காலிக்குப் பக்கத்தில் போனவள் நின்று, திரும்பி, எல்லாப் பெண்களுக்கும் முன்னால், “இந்தாங்க, வாங்க. நீங்க புடிங்க,” என்றாள். நான் போய் உட்கார்ந்தேன். அவள் உன்னை என் மடியில் வைத்தாள். நான் உன் காலைப் பிடித்தேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். இந்தத் தடவை நானும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அழுதாய், நன்றாக அழுதாய். அம்மா என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள், மிசி எழுதி முடிக்கும் வரை எடுக்கவில்லை.

தம்பி, நீ கோழை இல்லை. பிள்ளை அழுதால் தாங்காத மனசு கெட்ட மனசும் இல்லை. அந்த மனசு உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷமும் உண்டு. ஆனால் அது சொல்கிறபடியெல்லாம் கேட்டுவிடாதே. நீ இன்னும் பொய் சொல்லவில்லை, வாசலில் இருந்துதான் திரும்பியிருக்கிறாய். என்னைவிட நீ நல்ல இடத்தில் நிற்கிறாய். உங்கள் ஊரில் வியாழக்கிழமை கிளினிக் என்று சாந்தி சொன்னாள். நாள் தள்ளிப்போனதைப் பற்றி மிசியிடம் நீயே சொல், மறைக்காதே. அவர்கள் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் இரண்டு நிமிடம்தான். குட்டியைச் சாந்தி மடியில் வைக்காதே. நீ பிடி.

வீட்டுக்கு வந்ததும் போன் செய். அம்மாதான் எடுப்பாள், கேட்டுவிட்டு வைத்துவிடப் பார்ப்பாள். என்னைக் கூப்பிடச் சொல். எவ்வளவு நேரம் அழுதான், எப்போது அடங்கினான், எல்லாவற்றையும் எனக்கு ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.

அப்பா